திறக்கப்போகும் கையை நினையுங்கள்

சத்து மாவு, முருங்கைக் கீரை கேப்சூல், புரதப் பொடி, மீன் எண்ணெய் மாத்திரை என்று சொந்தத் தொழில் தொடங்கும் இளையவர்கள் இன்று ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். என் வேலைக்காலம் முழுவதும் பேக்கிங் தொழிலில் கழிந்ததால், எந்த டப்பா வாங்கலாம், எந்தப் பவுச் நல்லது என்று கேட்டு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “இதே மாதிரி வேணும் ஐயா” என்பார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். “இதை யாரு திறப்பாங்க தம்பி?”

கடை அலமாரியில் அந்த டப்பா சில வாரம் நிற்கும். வாங்கியவர் வீட்டில் அதற்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கும். தினம் ஒன்று என்றால், அறுபது கேப்சூல் உள்ள டப்பாவை அறுபது நாள் திறந்து மூடுவார்கள். அதை வைக்கும் இடம் பெரும்பாலும் சமையலறை. அங்கே அடுப்புச் சூடு, குக்கர் ஆவி, சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று. வைட்டமின் சி மாத்திரையில் ஈரம் பட்டால் பழுப்புப் புள்ளி விழும். முருங்கைப் பொடியில் வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துப்போகும். மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். இதையெல்லாம் யோசிக்காமல் படத்தைப் பார்த்து டப்பா எடுத்தால், வாங்கியவர் முதல் வாரம் சத்தைத் தின்பார், கடைசி வாரம் வெறும் தூளைத் தின்பார்.

பெட் பிளாஸ்டிக் பாட்டில் கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஈரத்தைத் தடுப்பதில், பார்வைக்கு மங்கலான வெள்ளை எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் டப்பா அதைவிட மேல். எண்ணெய் வகைக்கு ஒளி புகாத பழுப்புக் கண்ணாடி பாட்டில் நல்லது. பொடிக்கு அலுமினியப் படலம் உள்ள பவுச் எடுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடுகிற பழக்கம் நம் வீடுகளில் போகாது என்பதால், பெரிய பவுச்சுக்குப் பதில் ஒருவேளைக்கு ஒரு சாஷே போடலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ‘தின்னக் கூடாது’ என்று தமிழிலும் அச்சிடுங்கள்.

திறக்கும் கை எப்போதும் பெரியவர் கையாக இருக்காது. இரும்புச் சத்து மாத்திரை பார்க்க மிட்டாய் போலவே இருக்கும். அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நச்சேறி இறந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த மாத்திரை ஒரு காலத்தில் இருந்தது. இரும்பு கூடுதலாக உள்ள சத்துப் பொருள்களுக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அங்கே 1978-இல் விதி வந்தது. அந்த மூடிக்கு வைக்கும் சோதனையைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. நான்கு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் மூடிய டப்பாவைக் கொடுப்பார்கள். எப்படித் திறப்பது என்று செய்து காட்டிய பிறகும் நூற்றுக்கு எண்பது குழந்தைகளால் அதைத் திறக்க முடியக் கூடாது. அதே டப்பாவை 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடமும் கொடுப்பார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திறந்து, சரியாக மூடவும் வேண்டும். குழந்தையைக் காக்கிறேன் என்று பாட்டியைத் தவிக்க விடக் கூடாது என்ற அக்கறை அந்தக் கணக்கில் இருக்கிறது. உங்கள் பொருளில் இரும்பு இருந்தால், அழுத்தித் திருகும் மூடியைச் செலவென்று நினைக்காதீர்கள்.

மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை நகத்தால் கிழித்து எறிகிறோம். அதன் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1982-இல் சிகாகோ பகுதியில் கடைகளில் இருந்த டைலனால் வலி மாத்திரை டப்பாக்களில் யாரோ சயனைடு கலந்துவிட்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அந்த நிறுவனம் கோடிக்கணக்கான டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. பின்னர் ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம், வாயை மூடிய படலம் என்று மூன்று காவலோடு அந்த மருந்து கடைக்குத் திரும்பியது. யாராவது கை வைத்திருந்தால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் உலகமெங்கும் பரவலானது. டப்பாவுக்குச் சில காசு மிச்சமாகும் என்று அந்தப் படலத்தை விட்டுவிடச் சொல்பவர் உங்களுக்கு வேண்டியவர் அல்லர்.

அடுத்தது லேபிள். சைவ உணவுக்காரர் ஒருவர் பச்சைப் புள்ளியை நம்பி வாங்குகிறார். உள்ளே இருப்பது இலைப் பொடியே ஆனாலும், கேப்சூலின் கூடு ஜெலட்டின் என்றால் அது விலங்கிலிருந்து வந்தது. சைவக் கூடு வேண்டுமென்றால் தாவர செல்லுலோஸில் செய்தது தனியாகக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம் போடச் சொல்கிறார்கள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கும் வடிவத்தால் புரியட்டும் என்று வட்டத்தை முக்கோணமாக மாற்றினார்கள். முகம் தெரியாத ஒருவருடைய கண்ணையும் நினைத்துச் செய்த வேலை அது.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பதினான்கு இலக்க உரிம எண், ஒரு நாளைக்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று எழுதக் கூடாது. இளையவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் தடுமாறுவார்கள். ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று ஒரு வரி போட்டால் விற்பனை கூடும் என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காலில் புண் வந்தால் உங்கள் டப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அளவிலும் நேர்மை வேண்டும். பாதி டப்பா காலியாக இருக்கும்படி பெரிதாகச் செய்தால் அலமாரியில் எடுப்பாகத் தெரியும். வீட்டில் போய்த் திறந்தவர் மறுபடி வாங்க மாட்டார். காரணமில்லாமல் காலியிடம் விட்ட பொட்டலத்தை ஏமாற்று என்றே அமெரிக்க உணவு விதி கருதுகிறது. சட்டம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், ஏமாந்தவர் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கையில் முதல் குறைவாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெயர் அச்சிட்ட பவுச் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் வெட்ட வேண்டும். அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாக ஒரேயடியாக நிறைய அடிக்கச் சொல்வார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம். நல்ல தரத்தில் அச்சில்லாத பவுச் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாசகத்தில் ஒரு திருத்தம் வந்தாலும் ஸ்டிக்கர் மட்டும்தான் வீண். அட்டைப்பெட்டியும் லேபிளும் சிவகாசியில் சிறப்பாக அடித்துத் தருகிறார்கள். பவுச் விற்பவரிடம் உணவுக்கு ஏற்ற தரம் என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் படலம் எதற்குப் பொருந்தும் என்று குழம்பினால், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1966-இல் தொடங்கிய இந்திய பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எந்தத் தொழில் செய்தாலும் நம் வேலையை நம்பி வாழ்பவர்களில் பெரும்பாலோரை நாம் பார்க்கவே போவதில்லை. எதிரில் நிற்பவருக்கு நல்லது செய்ய வைப்பது முக தாட்சண்யம். எதிரில் இல்லாதவருக்கும் அதே நல்லதைச் செய்வதுதான் ஒழுக்கம். கொத்தனாருக்கும் செவிலியருக்கும் வாத்தியாருக்கும் இது பொருந்தும். மாத்திரை அடைப்பவருக்கும் பொருந்தும்.

ஆகவே அச்சுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரி டப்பாக்கள் சிலவற்றை நிரப்புங்கள். நாற்பது டிகிரி வெப்பமும் எழுபத்தைந்து சதவீத ஈரப்பதமும் உள்ள ஆய்வகப் பெட்டியில் ஆறு மாதம் வைத்துப் பார்க்க வசதியிருந்தால் பாருங்கள். அதோடு உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் அவை தாண்டட்டும். வீட்டில் மூத்தவர் யாரையாவது கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள், மூடியைத் திறந்து மூடச் சொல்லுங்கள். அவர் திணறினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், மூடியை மாற்றுங்கள். நிறமும் படமும் அதற்குப் பிறகு வரட்டும்.