ஜாயினிங் டேட் வரணும், அவ்வளவுதான் மாமா

2025 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவே என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டது. 5ஆம் தேதி ஒரே நாளில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரத்துக்கு மேல் ரத்தாகியிருந்தன. டிவியில் விமான நிலையத் தரையில் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்த கூட்டத்தைக் காட்டினார்கள். கீழே 'விமானிகள் பற்றாக்குறை' என்று எழுத்து ஓடியது. லீவில் வீட்டுக்கு வந்திருந்த என்னை எதிர்வீட்டு மாமா வாசலிலேயே நிறுத்தினார்.

"பைலட் இல்லாம ஃப்ளைட்ட நிறுத்துறாங்களாம்பா. என் பையன் லைசென்ஸ் வாங்கி ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு. அவன ஏன் கூப்பிட மாட்டேங்குறாங்க?"

விளக்கம் சொன்னேன். ஜூலை 1 முதல் விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக வேண்டும், நவம்பர் 1 முதல் இரவுத் தரையிறக்கங்கள் குறைய வேண்டும் என்று விதி வந்தது. அதற்கேற்ற ஆள் கம்பெனியின் கையில் இல்லை. தம்பி, அதாவது மாமாவின் மகன், வைத்திருப்பது சி.பி.எல். லைசென்ஸ். இருநூறு மணி நேரம் சின்ன விமானம் ஓட்டியவனுக்குக் கிடைப்பது. ஏர்பஸ் ஓட்ட அதற்குத் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும், சிமுலேட்டர் வேண்டும், பிறகு பயணிகளோடு பயிற்சி கேப்டன் பக்கத்தில் மாதக்கணக்கில் பறக்க வேண்டும். நாளைக்கே உட்கார வைக்க முடியாது. அதோடு, பற்றாக்குறை என்று கத்தும்போதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் தேடுவது கேப்டன்களை. கேப்டனாக ஏ.டி.பி.எல். என்ற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். புதியவர்களின் வரிசை அவர்களுக்குப் பின்னால் அப்படியேதான் நிற்கிறது.

மாமா பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஆரம்பத்துலயே இது இப்படித்தானா?" என்றார்.

நான் சொன்ன விளக்கத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதையெல்லாம் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது 2020 பொங்கலன்று. அன்றைக்கு நான் வேறொன்று சொன்னேன்.

எங்கள் முத்தாபுதுப்பேட்டை, விமானப்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்த ஊர். பேருந்து நிற்கும் சாலைக்கே ஐ.ஏ.எஃப். ரோடு என்றுதான் பெயர். அப்பா அங்கே உதிரிபாகக் கிடங்கில் இருபது வருஷம் வேலை பார்த்தார். போர் விமானங்களின் போல்ட்டுக்கும் வாஷருக்கும் பதிவேடு எழுதியவர் அந்த இருபது வருஷத்தில் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. என்னை விமானியாக்கும் எண்ணம் அங்கேதான் அவருக்குப் பிறந்தது. அவருடைய ஓய்வுப் பணம், அம்மாவின் நகை, வங்கிக் கடன், எல்லாமாகச் சேர்ந்து முப்பத்தெட்டு லட்சம். 2018 நவம்பரில் லைசென்ஸ் வந்தது. அந்த வாரமே தெருப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, 'எங்கள் ஊர் விமானி'. அந்தத் தோள்பட்டை எனக்கு இன்னும் எந்தக் கம்பெனியும் கொடுக்காதது. பையன்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எடுக்கச் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 17 இரவு, ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்து இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை ஓட்டிய கம்பெனி. அதன் விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் கதவைத் தட்டும்போது இருநூறு மணி நேரக்காரனின் விண்ணப்பத்தை யார் பிரிப்பார்கள்? இது எனக்குப் புதிதாகவும் தெரியவில்லை. 2012இல் கிங்ஃபிஷர் நின்றபோது லைசென்ஸ் வாங்கிய சீனியர்கள் சிலர் பறக்கும் பள்ளியில் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஐந்து வருஷம் காத்திருந்தவர்கள், காத்திருந்து மருந்துக் கம்பெனிக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் போனவர்கள். அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் நான் பொய் சொன்னேன். அறியாமல் சொன்னேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

2019 ஜூலையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்டில் சேர்ந்தேன். தெருவுக்கு 'ட்ரெய்னிங்'. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயில் ஏறுவேன். எதிர்வீட்டு மாமாவின் லேத் பட்டறையும் அதே எஸ்டேட்டில்தான், எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒருநாள் காலை டீக்கடையில் அவர் முதுகு தெரிந்தது. கையில் வாங்கிய டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் பக்கத்துச் சந்துக்குள் போய் நின்றேன். அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

2020 பொங்கலுக்கு மாமா மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கும் இயற்பியலும் நன்றாக வரும், என் ஃபிளெக்ஸைத் தினமும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். மாமா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, நீ படிச்சதயே இவனும் படிக்கணுங்கறான். பாலவேடுல ரெண்டு கிரவுண்டு இருக்கு. பேங்க்ல ஏழரை லட்சத்துக்கு மேலன்னா சொத்து காட்டணும்ங்கறான். காட்டிடலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு, படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா? உனக்குக் கிடைச்சிடுச்சுல்ல?"

அப்போது லைசென்ஸ் வாங்கி விமானி வேலை இல்லாமல் எனக்குப் பதினான்கு மாதம். "இல்லை மாமா, இப்போதைக்கு வேண்டாம், இன்ஜினியரிங் சேர்த்துவிடுங்க" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் தெருவில் நாளைக்கே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் நான் இன்னும் விமானியாக இருந்தேன். அதை விட எனக்கு மனமில்லை.

"செலக்ட் ஆயிட்டேன் மாமா. ஜாயினிங் டேட் வரணும், அவ்வளவுதான்."

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டிலிருந்த முறுக்கைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் வாயில் போடவில்லை. அன்றைக்குப் பிறகு இதைப்பற்றி நானும் அவரும் பேசிக்கொண்டதே இல்லை. என் பொய்க்கு அவரையும் உடந்தையாக்கினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பொய்யோடு நின்றிருந்தால் பெருமைக்காகச் செய்தேன் என்று ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். எந்தப் பறக்கும் பள்ளி நல்லது என்று மாமா கேட்டார். ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னேன். ஆள் சேர்த்துவிட்டால் பழைய மாணவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பையன் 2020 செப்டம்பரில் சேர்ந்தான். முதல் தவணை கட்டிய இரண்டாவது வாரம் என் கணக்கில் பணம் விழுந்தது. அப்போது என் ஐ.ஆர். காலாவதியாக இருந்தது. கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டுவதற்கான தகுதி அது. வருஷத்துக்கு ஒருமுறை விமானத்தில் ஏறித் தேர்வு கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அது உயிரோடு இல்லாவிட்டால் எந்த ஏர்லைனும் விண்ணப்பத்தைத் தொடாது. இரட்டை என்ஜின் விமானத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அந்த ஐம்பதாயிரத்தோடு என் சம்பள மிச்சத்தையும் சேர்த்து அதைப் புதுப்பித்தேன். என் லைசென்ஸ் உயிரோடு இருந்ததற்கு அவர் நிலத்தின் மேல் வாங்கிய கடனும் ஒரு காரணம்.

பொய் ஏன் வெளிவரவில்லை என்றால், கொரோனா. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. "ஜாயினிங் டேட் என்னாச்சுப்பா?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவே தேவைப்படவில்லை, அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மாமாவும் என்னிடம் ஆறுதல்தான் சொன்னார். "விடுப்பா, ஊர் உலகத்துக்கே இந்த நெலம." அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன்.

2022 கடைசியில் ஏர்லைன்கள் மறுபடி புதியவர்களை எடுக்க ஆரம்பித்தன. எழுத்துத் தேர்வு, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் கணினிச் சோதனை, குழு விவாதம், சிமுலேட்டர், நேர்காணல். நாலு வருஷம் நான் விடாமல் படித்தேன், அதில் பொய் இல்லை. 2023 ஜனவரியில் ஆர்டர் வந்தது. ஆகஸ்டில் ஏர்பஸ் 320இன் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் பயணிகளோடு, முதல்முறை ரன்வேயில் ஓடினேன். அந்த நிமிஷத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. இந்த இடத்தில் அதை எழுதுவது சரியில்லை என்று படுகிறது.

அப்பா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கே சொன்னியேப்பா, டேட்டுதான் வரணும்னு. வந்திடுச்சு பாரு." என் பொய்யை அவர் தன் கையாலேயே உண்மையாக்கிக் கொடுத்துவிட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தம்பிக்கு 2023 ஏப்ரலில் லைசென்ஸ் வந்தது. அந்த ஒரே வருஷத்தில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். கொடுத்தது, முந்தைய வருஷம் 1,165. பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவிப்பு, ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஒப்பந்தம். பேப்பரில் அதைப் படித்தவர்கள் விமானம் நாளைக்கே வந்து நிற்கும் என்று நினைத்தார்கள். அவை பல வருஷங்களில் வந்து சேர வேண்டியவை. லைசென்ஸ்கள் அந்த வருஷமே வந்துவிட்டன. நடுவில் மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் நின்றது, மறுபடியும் அனுபவசாலிகள் வரிசையில் முன்னால் வந்தார்கள். தம்பி மூன்று எழுத்துத் தேர்வு எழுதினான். ஒன்றில் நேர்காணல்வரை போனான். சொந்தச் செலவில் டைப் ரேட்டிங் முடித்துவிட்டு வந்தால் வாய்ப்பு கூடும் என்றார்கள், அதற்கு இன்னும் பதினைந்து இருபது லட்சம். படிப்புக்கே ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது. இப்போது ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் பாடம் எடுக்கிறான். மாமா அறுபது வயதில் இரண்டு ஷிஃப்ட் பட்டறையில் நிற்கிறார். பாலவேடு நிலத்தின் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

டிசம்பரில் மாமா வாசலில் கேட்ட அன்று இரவு தம்பியை மிட்டனமல்லிப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனேன். பொங்கலன்று சொன்னது, ஐம்பதாயிரம், ஐ.ஆர்., எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா" என்றான்.

சேர்ந்த முதல் வாரமே தெரியுமாம். அட்மிஷன் ஃபாரத்தில் 'யார் மூலம்' என்ற கட்டத்தில் என் பெயரையும் பக்கத்தில் தொகையையும் ஆபீஸில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறான். எனக்கு அப்போது வேலை இல்லை என்பதை என்னோடு படித்த ஒருவர் அங்கே சொல்லியிருக்கிறார்.

"அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?"

"அட்வான்ஸ் கட்டியாச்சு. திருப்பித் தர மாட்டாங்க. சொன்னா அவருக்குத் தூக்கம் போயிருக்கும். உங்களப் பாத்துதான் அவரு தைரியமா இருந்தாரு."

பதினெட்டு வயதில் அவன் சுமக்க ஆரம்பித்தது அது. ஐந்து வருஷம், ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, "அண்ணா, எப்படி இருக்கீங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே சுமந்திருக்கிறான். என்னைத் திட்டியிருந்தால் என்னால் நின்றிருக்க முடியும். வீட்டுக்குத் திரும்பும்வரை அவன் பேசியதெல்லாம் அடுத்து வரப்போகும் ஒரு தேர்வைப் பற்றித்தான்.

மறுநாள் காலை அம்பத்தூர் போனேன். பட்டறையில் மாமா ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கவரில் ஐம்பதாயிரம் வைத்திருந்தேன். அது எந்தக் கணக்குக்கும் ஈடாகாது என்று தெரியும், ஆனாலும் வெறுங்கையோடு போக முடியவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை, செலக்ட் ஆகவில்லை, ஜாயினிங் டேட் என்று ஒன்று இல்லவே இல்லை. உங்கள் பையனைச் சேர்த்ததற்குப் பணம் வாங்கினேன்.

அவர் கவரைப் பார்த்தார், எடுக்கவில்லை. கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த விரலையே மறுபடி துடைத்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"அப்ப ராத்திரியில எங்க போய்க்கிட்டு இருந்தே?"

"இங்கதான் மாமா. எஸ்டேட்ல. ஒரு பில்லிங் கம்பெனி, நைட் ஷிஃப்ட்டு."

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"காலைல ஷிஃப்ட்டு முடிஞ்சு எங்க டீ குடிப்பே?"

அந்த டீக்கடையின் பெயரைச் சொன்னேன். அவருக்கும் அந்தக் கடைதான்.

"ரெண்டு தெருதானேப்பா" என்றார். "பட்டறைக்கு வந்திருக்கலாமே."

பிறகு மெஷினைப் போட்டார்.