வாசம் இருக்கிறது, காற்று எங்கே?

வானொலிக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் ஒலிவாங்கியில் விழக்கூடாது என்று கதவு, சுவர் எல்லாவற்றையும் இறுக்கமாக அடைத்திருப்பார்கள். சத்தம் நுழையாத அறையில் காற்றும் லேசில் நுழையாது. அங்கேதான் சுவரில் மாட்டிய நறுமணத் தெளிப்பான் சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘புஸ்’ என்கிறது.

குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. நிகழ்ச்சி முடிவதற்குள் தொண்டை கரகரத்துவிடும். ஆஸ்துமா உள்ள சக அறிவிப்பாளரோ இன்ஹேலரை மேசை மேலேயே வைத்திருப்பார். விடுமுறை நாளில் இருவருக்கும் ஒன்றுமிருக்காது. நாற்றம் என்றால் புகார் செய்யலாம். வாசனையைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

வாசனை, கெட்ட வாடையை விரட்டுவதில்லை. பெரும்பாலும் அதை மூடி மறைக்கிறது. கூடவே எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களைக் காற்றில் சேர்க்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மணம் தரும் லிமோனின், காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்தால் ஃபார்மல்டிஹைடு உண்டாகிறது. கண், மூக்கு, தொண்டையை எரிய வைக்கும் பொருள் அது. புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பட்டியலிலும் இருக்கிறது. ஒருமுறை முகர்ந்ததற்காகப் பயப்பட வேண்டாம். அடைத்த அறையில் தினமும் எட்டு மணி நேரம் என்பது வேறு கணக்கு.

2016இல் பேராசிரியர் ஆன் ஸ்டைன்மன் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய ஐவரில் ஒருவர் நறுமணத் தெளிப்பான்களால் தலைவலி, மூச்சுத் திணறல் போன்ற தொல்லை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நம் நாட்டிலும் வழிகாட்டி உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் 2010இல் வெளியிட்ட உள்ளரங்கக் காற்றுத்தர நடைமுறை விதி, ஃபார்மல்டிஹைடுக்கு 0.1 பிபிஎம் என வரம்பு வைத்திருக்கிறது.

நாங்கள் இருவரும் சண்டை போடவில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொல்லை என்று இரண்டு வாரம் குறித்து நிர்வாகத்திடம் கொடுத்தோம். தேடிப் பார்த்தால், வாடைக்குக் காரணம் ஈரம் கோத்த கம்பளமும் கழுவாத ஏர்கோன் வடிகட்டியும்! இரண்டையும் சரிசெய்ததும் தெளிப்பானுக்கு வேலையில்லாமல் போனது. நடைபாதையில் இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கும் வேலை நாளில் மட்டும் தலைவலி வந்து, சனி, ஞாயிறில் அடங்குகிறதா? நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். அலுவலகத்தில் கேட்க வேண்டியது வேறு வாசனை அல்ல, நல்ல காற்று.