பையை நிரப்புவது யார்

டின்னைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கவேண்டியது திகதியை அல்ல, விளிம்பை. மூடியும் உடலும் சேரும் மடிப்பைச் சுற்றி விரலை ஓட்டவேண்டும். அந்த மடிப்பில் நசுக்கம் தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுவோம். நடுவில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தால் பரவாயில்லை, வைக்கலாம். மூடி உப்பியிருந்தால் யோசிக்கவே கூடாது. திறந்து மணந்து பார்க்கவும் கூடாது, ஏனென்றால் பொட்டுலிசம் நஞ்சை மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற் மண்டபத்தில் நடக்கிறது எங்கள் உணவு வங்கி. அங்கே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். அதற்காக வருகிற பிள்ளைகள்தான் அதிகம். கணக்கு முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் வந்து நிற்பவர்கள் சிலர் உண்டு. அப்படி நிற்கிற பிள்ளையிடம் பதிவு மேசையைக்கூட நம்பி விடலாம்.

விளிம்புக்குப் பிறகுதான் திகதி. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று அச்சடித்திருப்பது தரத்தைப் பற்றிய வாக்குறுதி. அந்த நாள் கடந்ததும் சாமான் நஞ்சாகிவிடுவதில்லை. கனடாவில் உண்மையான காலாவதித் திகதி போடவேண்டிய உணவுகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். குழந்தைப் பால்மா அவற்றில் முதன்மையானது. ஒரு நாள் கடந்தாலும் அதை எவர் கையிலும் கொடுப்பதில்லை. மக்கரோனி, டின் அவரை போன்றவை திகதி கடந்தும் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரைப் பாதுகாக்க ஒன்ராறியோவில் 1994 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் திகதி கடந்த ஒரு பெட்டியை வாங்கிப்போய் வீட்டில் பிள்ளைக்கு முன்னால் பிரிக்கிறவருக்குச் சட்டமும் விஞ்ஞானமும் ஆறுதல் தராது. தனக்குக் கழிவு தரப்பட்டது என்றுதான் மனம் சொல்லும். அதனால் அப்படியான சாமான்களைத் தனித் தட்டில் வைத்து, திகதி கடந்தவை, சாப்பிடலாம் என்று எழுதிவிடுகிறோம். விருப்பமானவர்கள் எடுப்பார்கள். மற்றவர்கள் கடந்துபோவார்கள்.

பெரிய அரிசி மூட்டையை இரண்டு கிலோப் பைகளாகப் பிரிக்கும் வேலையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பையும் தராசு ஏறவேண்டும். கண்மதிப்பில் கட்டினால் ஒன்று கொஞ்சம் புடைத்திருக்கும், ஒன்று சூம்பியிருக்கும். வரிசையில் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். எனக்குக் குறைந்ததைத் தந்தார்கள் என்ற நினைப்பு ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எத்தனை சிரிப்புச் சிரித்தாலும் போகாது. கருணை உள்ள தொண்டர்கள் கிடைப்பது அரிதல்ல. தராசில் பிசகாத தொண்டரைத்தான் நான் தேடித் திரிகிறேன்.

பெட்டி கட்டிக் கொடுப்பது இந்த வேலையின் பழைய முறை. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி, நான்கு பேருக்குப் பெரிய பெட்டி, உள்ளே என்ன என்பதை நாங்கள் தீர்மானிப்போம். பல இடங்களில் இன்றும் அப்படித்தான். கொடுப்பவருக்கு அது சுலபம். ஒரு மணித்தியாலத்தில் நூறு பேரை அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு என்ன நடக்கிறது என்று பஸ் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தால் தெரியும். பன்றி இறைச்சி போட்ட அவரை டின்னை முஸ்லிம் குடும்பம் என்ன செய்யும்? நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் வீட்டுக்குக் கடலை வெண்ணெய்ப் போத்தல் எதற்கு? வாடகை அறையில் கேத்தல் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாணவன் காய்ந்த சிவப்பு அவரையை எங்கே வைத்து அவிப்பான்?

எங்கள் மண்டபத்தில் இப்போது தட்டுகள்தான் இருக்கின்றன, கடையைப் போல. குடும்பத்தில் எத்தனை பேரோ அதற்கேற்ப ஒரு நிற அட்டை. தானியத்தில் இத்தனை, புரதத்தில் இத்தனை, மரக்கறி கொஞ்சம் தாராளமாக. வருகிறவரே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய் எடுப்பார். தொண்டர் பக்கத்தில் நடப்பார். முன்னால் நடக்கக் கூடாது. தட்டிலிருந்து எடுத்து நீட்டக் கூடாது. “இது உங்களுக்கு நல்லது” என்று சொல்லவே கூடாது. மருத்துவர் சொன்னால் கேட்கட்டும், நாங்கள் மருத்துவர் அல்ல. இந்த அடக்கம் பழகுவதற்கு எவருக்கும் நாள் எடுக்கும். உதவி செய்ய வந்தவரின் கை சும்மா இருக்க மறுக்கும்.

ஒரு வயதான அம்மா டின் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இது கடலையோ?”

“ஓம் அம்மா, கொண்டைக்கடலை. அவிச்சது. கழுவிப்போட்டுத் தாளிக்கலாம்.”

“அப்ப ஊறப்போடத் தேவையில்லை?”

“தேவையில்லை.”

இரண்டு எடுத்து வண்டியில் வைத்தார். நாலடி போனவர் திரும்பி வந்து ஒன்றைத் தட்டில் வைத்தார். “பேரப்பிள்ளையள் மீன் டின் எண்டால்தான் சாப்பிடுங்கள்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மீன் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். சூரை பெரிய டின்னில் வரும், சாளை சின்ன டின்னில் வரும். சாளையைத் தெரிவுசெய்தார். அதைக் குழம்பு வைக்கலாம், சூரை வறளும் என்று அவர் எனக்குச் சொல்லித்தந்தார். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறையில் ஒரு பகலில் பார்க்கக்கூடிய ஆட்கள் குறைவு, தொண்டர்கள் கூட வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எடுத்ததைத் திருப்பி வைக்க இடமிருக்கிற மண்டபத்தில்தான் ஒருவர் தன் வீட்டுச் சமையலுக்குத் தானே பொறுப்பாக இருக்கிறார். அந்தத் தாமதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

வருகிறவர்களிடம் கேட்பது பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது. ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை. கேட்காமலே காரணம் தெரியும். ஒன்ராறியோவில் சமூக உதவிப் பணம் தனி ஆளுக்கு ஆகக் கூடியது மாதம் 733 டொலர். 2018 முதல் அந்தத் தொகை அசையவில்லை. ரொறன்ரோவில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகையோ 2,000 டொலரைத் தாண்டிப் போய்விட்டது. வேலைக்குப் போகிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள், சிலர் இரண்டு வேலை செய்கிறவர்கள். இந்த நகரத்தில் உணவுக்குப் பஞ்சமில்லை. வாடகை கட்டிய பிறகு கையில் மிஞ்சும் பணத்துக்குத்தான் பஞ்சம். வாடகையைத் தள்ளிப்போட முடியாது, பஸ் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான்.

கனடாவின் முதல் உணவு வங்கி 1981-இல் எட்மன்ரனில் தொடங்கியது. ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983-இல் வந்தது. பொருளாதார மந்தம் தீர்ந்ததும் மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் தற்காலிகமாகத் தொடங்கியவை இவை. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் ரொறன்ரோ உணவு வங்கிகளுக்கு மக்கள் வந்துபோனது 34 இலட்சத்து 90 ஆயிரம் தடவை. 2024 மார்ச் என்ற ஒரே மாதத்தில் நாடு முழுவதும் 20 இலட்சத்துக்கு மேல். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். டின்களைச் சரியாக அடுக்குவதால் இந்த எண்ணிக்கை குறையப்போவதில்லை. உதவிப் பணத்தையும் வாடகையையும் தீர்மானிக்கிறவர்கள்தான் குறைக்க வேண்டும். எங்கள் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிற எவரிடமும் நான் இந்த 733 டொலரைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் எழுதவேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றவர்கள் இங்கே ஏராளம். அந்த வரிசையில் நின்றதை எவரும் ஒளிப்பதில்லை, கதை கதையாகச் சொல்வார்கள். ஊரே நின்றது, ஆசிரியரும் நின்றார், கடைக்காரரும் நின்றார். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஸ்காபரோவில் பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. கலியாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள். இங்கே பசி ஒரு வீட்டுக்குத் தனியாக வருகிறது. அந்த வீட்டுக்காரர் எங்கள் படியிறங்கி வரும்போது உள்ளே தெரிந்த தமிழ் முகம் ஒன்று நின்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவதும் நடக்கிறது. இன்னொருவர் ஆங்கிலம் வராமல் தடுமாறி, தமிழில் கதைக்க ஓர் ஆள் இருந்ததால்தான் உள்ளே வந்தேன் என்கிறார். இரண்டையும் மனதில் வைத்துத்தான் வேலை அட்டவணை போடவேண்டும். பதிவு மேசையில் எப்போதும் ஒரு தமிழரும் தமிழரல்லாத ஒருவரும் இருப்பார்கள். யாரிடம் போவது என்பது வருகிறவரின் விருப்பம்.

தெரிந்தவர் எவராவது வருவதைக் கண்டால் நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குளிரறைக்குள் போய்விடுவேன். முட்டையையும் பாலையும் சரிபார்க்க அங்கே எப்போதும் வேலை இருக்கும். குளிர்பெட்டி 4 பாகை செல்சியஸ், உறைபெட்டி -18. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அவர் என்னைக் கண்டு “அண்ணை” என்று கூப்பிட்டால் வெளியே வந்து நாலு கதை கதைப்பேன். கூப்பிடாவிட்டால் அவர் என்னைக் காணவில்லை, நானும் அவரைக் காணவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சந்தித்தால் மழையைப் பற்றிக் கதைப்போம். இங்கே கண்டதை மனைவியிடமும் சொல்வதில்லை என்பது எங்கள் தொண்டர்கள் எல்லோருக்கும் உள்ள கட்டுப்பாடு. இதைக் காப்பாற்ற முடியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு லொறியிறக்கும் வேலைதான்.

ஒக்ரோபர் நன்றியறிதல் நாளுக்கும் நத்தாருக்கும் சாமான் வந்து குவியும். வைக்க இடமில்லாமல் நடைபாதையில் அடுக்குவோம். ஜூலையில் தட்டுகள் காலி. அதே ஜூலையில்தான் பள்ளிக்கூடமும் பூட்டிக்கிடக்கிறது. காலையுணவு தரும் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுவும் நின்றுபோகிறது. இலங்கையில் நாங்கள் சின்ன வகுப்பில் பணிஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இவ்வளவு செல்வம் உள்ள கனடா தேசிய பள்ளி உணவுத் திட்டத்தை அறிவித்ததே 2024-இல்தான் என்பதை இங்கு வந்த பலரால் நம்ப முடிவதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டொலர் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம், இன்னும் போதாது. கோடை விடுமுறைக்கு அது வழிசெய்யவும் இல்லை.

கோடையில்தான் எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒவ்வொரு வார இறுதியிலும் பூங்காக்களில் ஒன்றுகூடுகின்றன. டிசம்பரில் சேர்க்கிற சாமானை ஜூன் கடைசியில் அங்கே சேர்த்துத் தந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. மைசூர்ப் பருப்பு, சாளை டின், சமையல் எண்ணெய், பெண்களுக்கான நாப்கின், குழந்தை டயப்பர். இவைதான் முதலில் முடிகின்றன. சாமான் சேர்க்க வசதியில்லாவிட்டால் பணமாகத் தரலாம். மொத்த விலையில் நாங்கள் வாங்குவதால் அதே காசில் கூடுதலாக வரும். ஜூன் முடிவதற்குள் கிடைத்தால், குழந்தைப் பால்மாவுக்கு ஜூலை முதல் வாரமே ஓடர் கொடுத்துவிடுவோம்.