கரூர் என்று சொன்னேன்

யானையும் வில்லும் பொறித்த சதுரச் செப்புக்காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. சங்ககாலச் சேரர் காசு. கேட்டவர்களிடமெல்லாம் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தது என்று சொல்லி வந்தேன். அது பொய்.

மதுரையில் ஒரு பழைய பாத்திரக் கடையில், உடைந்த குத்துவிளக்கும் ஓட்டைச் சொம்பும் கிடந்த குவியலில் பொறுக்கியது அது. “தேனிப் பக்கமிருந்து வந்த சரக்கு சார்” என்றார் கடைக்காரர். எந்த ஊர், யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகி விலையை ஏற்றிவிடுவார் என்ற பயம். மற்ற சாமானோடு சேர்த்து எடைக்கு விலை பேசி வாங்கிவந்தேன். வந்த கையோடு புளி போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்போடு வில்லின் நாணும் போய்விட்டது.

ஏன் கரூர்? காசு சேர்ப்பவர்கள் நடுவே அந்தப் பெயருக்குத் தனி மவுசு. சேரர் தலைநகர் வஞ்சி கரூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. ‘மாக்கோதை’ என்று தமிழி எழுத்தில் பொறித்த வெள்ளிக்காசு கிடைத்ததும் அங்கேதான். பாத்திரக் கடையில் வாங்கினேன் என்றால் யார் மதிப்பார்கள்? ஓர் ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டு, “கிடைத்த இடம்?” என்று கேட்டபோதும் எனக்கு வாய் கூசவில்லை. அவர் நம்பி எழுதிக்கொண்டார். கட்டுரையிலும் அப்படியே அச்சாயிற்று.

இதே வாயால்தான் மேடைகளில் முழங்கினேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரைக் கடத்தியவர்கள் போலி ஆவணம் ஜோடித்து, 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் குட்டை உடைக்க உதவியது. 2014இல் சிலை திரும்பி வந்தது. “நாட்டின் சொத்துக்குப் பொய்யாக ஊர் பேர் எழுதுகிறவனும் கொள்ளைக்காரன்தான்” என்றேன். நல்ல கைதட்டல். நடராஜருக்காவது ஒரு புகைப்படம் இருந்தது. என் காசுக்கு என் வாய்ச்சொல்தான் ஆவணம்.

அந்தப் பொய் எதைக் கெடுத்தது என்பது பின்னால்தான் உறைத்தது. கரூரில் சேரர் காசு கிடைப்பது புதிதல்ல. என்னுடையது நூற்றோடு நூற்றொன்று. தேனிப் பக்கம் என்றால் சங்கதி வேறு. சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து மலை தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகைக் கரையோடு மதுரைக்கு ஒரு வணிகப் பாதை வந்தது என்கிறார்கள். ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துள்ள நடுகற்களே கிடைத்தன. அந்த வழியில் சேரன் காசு எந்த ஊர் மண்ணில் விழுந்து கிடந்தது என்பது தேடிப்போக வேண்டிய விஷயம். தேட வேண்டிய ஆட்களை நான் கரூருக்குத் திருப்பிவிட்டேன். தெரிந்த பிறகும் உடனே வாய் திறக்கவில்லை. மேடையில் வாங்கிய பெயர் போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது அந்த ஆய்வாளருக்கு உள்ளதை எழுதிவிட்டேன். ‘கரூர்’ என்பதை அவர் அடித்துவிடலாம். அங்கே எழுதிக்கொள்ள என்னிடம் வேறு ஊர்ப்பெயர் இல்லை. கடையும் இன்று இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கொஞ்சம் பணம் மிச்சமாகட்டும் என்று கேட்காமல் விட்டவன் நான்.