பந்திக்குப் பின்னால் இருப்பவர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். முகூர்த்தம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். உறவும் ஊரும் திரண்டு வருவது அந்த ராத்திரி விருந்துக்கு. பெரிய ஹோட்டல்களில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் நாலு பேருக்குக் கிடைக்கும் உபசாரம், இங்கே தலைவாழை இலையில், ஒரே பந்தியில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கிறது. அதை நடத்திக்காட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் ஒரு மண்டபத்தின் சமையல்கட்டுக்கு மத்தியானமே போய்ச் சேர்ந்தேன்.

கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. நெல்லும் வாழையும் மஞ்சளும் கரும்புமாக விளைகிற பூமி இது. இலைக்கட்டு பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து இறங்கியிருந்தது. மஞ்சள் ஈரோட்டு மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வந்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் நாட்டுச்சர்க்கரையும் அங்கிருந்துதான் போகிறது. நெய் ஊத்துக்குளி. இந்த ஊர் விருந்தின் ருசியில் பாதி இந்தச் சாமான்களிலேயே இருக்கிறது. மீதிப் பாதி கைகளில்.

சமையல் மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். ஆயிரம் பேருக்கு எவ்வளவு அரிசி என்று எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன்.

“ஆள் கணக்கு யாரும் சரியாச் சொல்ல மாட்டாங்கங்க. பத்திரிகை எத்தனை அடிச்சீங்கன்னுதான் நான் கேப்பனுங்க. அன்னைக்கு ஊருக்குள்ள வேற எத்தனை கல்யாணம்னு பாப்பனுங்க. நாலு மண்டபத்துல விசேஷம்னா சனம் பிரிஞ்சு போயிருமுங்க. மழை வந்தா அது ஒரு கணக்கு.”

எந்தப் புத்தகத்திலும் எழுதாத கணக்கு இது. சோறு மிஞ்சினால் பணம் போகும், பத்தாமல் போனால் மாஸ்டர் பேர் போகும்.

சமையல்கட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. காய் நறுக்கும் அக்காமார் அரிவாள்மனையோடு ஒரு வரிசை. குழம்பு, பொரியலுக்கு ஒரு மாஸ்டர். இனிப்புக்கும் பலகாரத்துக்கும் தனியாகச் சரக்கு மாஸ்டர். அவருடைய கடாயில் வேறு யாரும் கரண்டி வைப்பதில்லை. 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையலறையை ஒழுங்குபடுத்திய பிரெஞ்சு சமையல் நிபுணர் எஸ்காஃபியேயைப் புகழ்ந்து உலகம் எழுதுகிறது. வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் அதே ஒழுங்கை இங்கே கைலி கட்டிய ஆட்கள் காட்டுகிறார்கள்.

அன்றைக்கு இனிப்பு ஒப்புட்டு. கடலைப்பருப்பு விரலில் நசுக்கினால் மாவாகும் பதத்தில் வெந்திருக்க வேண்டும், குழைந்துவிடக் கூடாது. தண்ணீரைச் சுத்தமாக வடித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அரைத்து, கையில் ஒட்டாத அளவுக்குக் கிளறி உருட்டி வைத்திருந்தார்கள். எண்ணெயில் ஊறிய மைதா மாவைச் சரக்கு மாஸ்டர் கிள்ளி எடுத்தார். பூரணத்தை உள்ளே வைத்து மூடினார். எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனியால் தட்டிக்கொண்டே போனார். இலையோடு கல்லில் கவிழ்த்து, இலையை மட்டும் உரித்தெடுத்தார். ஓரம் கிழியவில்லை, பூரணம் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. நெய் விட்டுத் திருப்பிப் போடுவதற்குள் அடுத்தது தயார். முதல் பந்தி உட்காரும் வரைக்கும் அவர் நிமிரவே இல்லை.

பரிமாறுவது வேறொரு கலை. நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் உப்பு, ஊறுகாய், ஒப்புட்டு, வடை. பிறகு தேங்காய்ப்பாலோடு சந்தகை, சப்பாத்தி குருமா, பிரியாணியும் தயிர்ப்பச்சடியும். அதற்கு மேல் சாதம், ரசம், தயிர். பரிமாறுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். பெரியவர் ஒருவர் சந்தகையை ஒதுக்கி வைத்ததைக் கவனித்த பையன், அவர் கேட்காமலேயே ரசத்துக்கு ஆளைக் கூப்பிட்டான். இதைக் கவனிக்கத் தெரிந்தவன்தான் பந்தியில் நிற்க முடியும்.

கடைசிப் பந்தி எழுந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. விடிந்தால் காலை டிபன். காய் நறுக்கிய அக்காமார் எச்சில் இலைகளை எடுத்துவிட்டு, அண்டாக்களைத் தேய்க்க உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: “ஆடியிலயும் மார்கழியிலயும் விசேஷம் இருக்காதுங்க. அப்பத் தோட்டத்து வேலைக்குத்தான் போவோம். அதுவும் இல்லைன்னா கடன்தானுங்க.” மாஸ்டர் வாங்கும் கூலிக்கும் இவர்கள் வாங்கும் கூலிக்கும் தூரம் அதிகம். அடுப்புச் சூடும் ராத்தூக்கம் கெடுவதும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர்கள் சாப்பிட்டது நின்றுகொண்டு, மிஞ்சியதை, தட்டில் போட்டு. ஒப்புட்டு தீர்ந்துபோயிருந்தது.

ஆயிரம் பேரை உட்காரவைத்துச் சாப்பிடவைத்தவர்களுக்கு ஒரு இலை விரிக்காத விருந்து எனக்கு முழு விருந்தாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் சமையல் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க வந்தவர்களில் அதில் பதிவு செய்யாதவர்கள் இருந்தால், அதற்கு ஒரு நாள் உதவி செய்யுங்கள். மளிகை லிஸ்ட் போடும்போதே சமையல் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசிப் பந்திக்கு முன்னால் அவர்களுக்கென்று ஒரு பந்தி போட்டு, நீங்களே நின்று பரிமாறுங்கள்.