‘நம்ம’ அணி எது?

அக்டோபர் 9, வியாழக்கிழமை இரவு. காலாங் தேசிய விளையாட்டரங்கில் நானும் மகனும் சிவப்புச் சட்டையில். எங்களுக்கு நடுவே அப்பா, வெள்ளைச் சட்டையில். 2027 ஆசியக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதிய ஆட்டம் அது.

முற்பாதி முடியும் நேரத்தில் இக்சான் ஃபாண்டி கோல் போட்டார். பிற்பாதி தொடங்கியதுமே இந்திய வீரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, வெற்றி நமக்குத்தான் என்று நினைத்தேன். 90வது நிமிடத்தில் இந்தியாவின் ரஹீம் அலி கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். அரங்கமே மௌனமானது. அப்பா மட்டும் சட்டென்று எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

எம்ஆர்டியில் வீடு திரும்பும்வரை அவர் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறை வேலைக்காக இங்கு வந்தவர். 1998ல் குடியுரிமை பெற்றார். இன்றும் ‘நம்ம ஊரு’ என்றால் அவருக்குப் பட்டுக்கோட்டைதான். எனக்கு அது ஈசூன். ஒரே வீட்டில் ஒரே சொல்லுக்கு இரண்டு முகவரி.

இந்தத் தகுதிச்சுற்றின் கணக்கு இரக்கமில்லாதது. நம் பிரிவில் சிங்கப்பூர், ஹாங்காங், இந்தியா, பங்ளாதேஷ் என நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் சொந்த மண்ணில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும். முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே சவூதி அரேபியா செல்லும் வாய்ப்பு. இரண்டாம் இடத்துக்கு ஆறுதல்கூடக் கிடையாது. சிங்கப்பூர் அதற்குமுன் ஆசியக் கிண்ணத்தில் ஆடியது 1984ல் மட்டும்தான். அதுவும் போட்டியை ஏற்று நடத்திய நாடு என்பதால் கிடைத்த இடம்.

ஐந்து நாள் கழித்து கோவாவில் மறு ஆட்டம். தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாலையில் தேக்காவில் கூட்டத்தில் இடிபட்டு மாவும் எண்ணெயும் வாங்கி வந்து, இரவு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். இந்தியா முதலில் கோல் போட்டது. அப்பா முறுக்கைக் கடித்தபடி அசையாமல் இருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு சோங் உய்-யங் ஒன்று, பிற்பாதியில் இன்னொன்று. 2-1 என சிங்கப்பூர் வென்றது. இந்தியாவின் வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

“ரெண்டு கோல் போட்ட தம்பி எந்த ஊரு?” என்றார் அப்பா.

“கொரியாவுல பிறந்தவர்ப்பா. 2021லதான் இங்க குடியுரிமை வாங்கினார்.”

அப்பா சிரித்தார். “அப்படின்னா நான் அவனுக்கு சீனியர்.”

மறுநாள் காலை வானொலி நிகழ்ச்சியில் முடிவைச் சொன்னேன். தாளில் ‘சிங்கப்பூர் அணி’ என்றுதான் எழுதியிருந்தேன். வாயில் ‘நம்ம அணி’ என்று வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “‘நம்ம’ன்னு சொன்னியே, கேக்குறவங்கள்ல ஊர்லேருந்து வேலைக்கு வந்த பசங்களும் இருப்பாங்கல்ல?”

என்னிடம் பதில் இல்லை. காலாங்கில் எழுந்து நின்றவர் அவர். உட்கார்ந்ததும் அவரே. அவரை உட்கார வைத்தது என் பார்வைதானோ என்று அன்றுதான் தோன்றியது. கொண்டாட வந்த இடத்தில் அப்பா தம் மகிழ்ச்சியை ஒளித்துக்கொள்ள நேர்ந்தது எனக்கு உறுத்தியது. “அன்னிக்கு நீங்க கைதட்டியிருக்கலாம்ப்பா” என்றேன். “தட்டணும்னுதான் நினைச்சேன்” என்றார்.

நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கைடாக் அரங்கில் சிங்கப்பூர் ஆடியது. இரு அணிகளும் எட்டுப் புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தன. பின்தங்கிய நம் அணிக்கு ஷாவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் நான்கு நிமிட இடைவெளியில் கோல் போட்டனர். 2-1. ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே முதலிடம் உறுதியானது. கடைசியில் புள்ளிகள் சமமானாலும் ஹாங்காங்குடன் நேருக்கு நேர் ஆடியதில் நம் கையே ஓங்கியிருந்தது. தகுதிச்சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்குச் செல்வது நமக்கு இதுவே முதல்முறை.

அன்று எனக்கு இரவுப் பணி. ஆட்டம் முடிந்த கையோடு அப்பா அழைத்தார்.

“நம்ம பசங்க ஜெயிச்சுட்டாங்கம்மா!”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “அடுத்த தடவ இந்தியாவும் வந்துடும், பாரு.”

“வரட்டும்ப்பா” என்றேன். “அப்ப நீங்க எழுந்து நின்னே பாருங்க.”