மெழுகும் மண்ணும் மிதிவண்டியும்

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை, இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏழு பேர் கும்பகோணத்தைச் சுற்றிவரக் கிளம்பினோம். லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களிடம் ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருந்தது. மற்றவர்களுக்கு இரவல் வண்டி. வழிகாட்டி எங்கள் வகுப்புத் தோழன்தான், நாச்சியார்கோயில்காரன். பேரைப் போட்டால் உதைப்பேன் என்று மிரட்டியிருக்கிறான்!

முதலில் தாராசுரம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த மலர் போதாது. சுவாமிமலைக்கு மிதிக்கிறேன்.

அங்கே ஒரு ஸ்தபதி ஐயாவின் பட்டறை. நம்ம ஃபவுண்டரி லேபில் மரப் பேட்டர்னை மண்ணில் வைத்து இடிக்கிறோமே, இங்கே பேட்டர்னே மெழுகு! தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிக்கிறார்கள். அளவெடுக்க வெர்னியர் கிடையாது. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்குப் போடுகிறார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியபின் மண்ணை உடைத்தே ஆக வேண்டும். ஒரு மோல்டுக்கு ஒரே சிலை.

“எவ்வளவு உலோகம் வேணும்னு எப்படிங்கய்யா தெரியும்?”

“மெழுகை நிறுத்துப் பாரு தம்பி. எட்டுலேர்ந்து பத்து மடங்கு.”

அங்கேயே கணக்குப் போட்டோம். மெழுகின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, வெண்கலம் 8.8 பக்கம். வகுத்தால் ஏறக்குறைய 9! 2023-ல் டெல்லி ஜி-20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரும், சுமார் 18 டன், இந்த ஊர்க்காரர்கள் இதே முறையில் வார்த்ததுதான்.

திரும்பிக் கும்பகோணம் வந்து, டிகிரி காபி குடித்து, நாச்சியார்கோயில் சாலையைப் பிடித்தோம். இருபுறமும் முற்றிய சம்பா. எதிர்காற்று வேறு.

தோழனின் அப்பா பித்தளை உருக்கிக்கொண்டிருந்தார். குத்துவிளக்கின் அடி, தண்டு, தட்டு, உச்சி அன்னம் எல்லாம் தனித்தனியாக மண்ணில் வார்த்து, லேத்தில் கடைந்து, மரை போட்டு மாட்டுகிறார்கள். எங்களையும் பெட்டியில் மண் கெட்டிக்க விட்டார். புகையில் கண் எரிந்தது. இருமிக்கொண்டே சொன்னார்: “இது என்னோட போவட்டும்னுதான் இவனை டிப்ளமோவுல சேர்த்தேன்.”

அவன் ஒன்றும் சொல்லாமல் ஒரு தண்டை எடுத்து லேத்தில் மாட்டினான். வகுப்பில் டர்னிங்கில் அவனை அடிக்க ஆளில்லை என்பது தெரிந்த விஷயம். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கேம்பஸில் தேர்வாகிவிட்டான், ஜூனில் ஸ்ரீபெரும்புதூர்.

“அங்கேயும் லேத்துலதான் நிப்பானா?” என்று எங்களைக் கேட்டார்.

“அது சி.என்.சி. மிஷின், அப்பா. புரோகிராம் போட்டுட்டா அதுவே கடைஞ்சிடும்.”

“அப்ப இவன் கை எதுக்கு?”

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தண்டைக் கழற்றி நீட்டினான். அவர் கட்டைவிரலால் மரையைத் தடவிப் பார்த்து, “வேகத்தை இன்னும் கொறச்சிருக்கலாம்” என்றபடி அடியில் திருகினார். தண்டு ஆடவில்லை.

இருட்டுவதற்குள் கும்பகோணம் வந்து சேர்ந்தோம். அடுத்தது திருபுவனம் பட்டுத் தறி. வர விரும்புகிறவர்கள் டியூப், பம்ப் சகிதம் வரவும். மே மாதம் வரை வழிகாட்டி ஊரில்தான் இருப்பான்.